டர்ஹமில் ஒரு நாள்: பேராலயத்துக்கு எவ்வளவு, கோட்டைக்கு எவ்வளவு?

கேள்வி: எங்கள் மகள் இங்கிலாந்தில் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடிக்கிறாள். பட்டமளிப்பு விழா அங்குள்ள பழைய பேராலயத்திலேயே நடக்கும் என்கிறாள். விழாவுக்கு முந்தைய நாள் எங்களுக்கு ஓய்வு. எதிரிலேயே கோட்டையும் இருக்கிறதாம். ஒவ்வொன்றுக்கும் அரை நாள் என்று பிரித்துக்கொள்ளலாமா? எங்களுக்குக் கட்டடக்கலை தெரியாது. என் மனைவிக்கு முழங்கால் வலி. நாங்கள் இந்துக்கள், உள்ளே விடுவார்களா?
– வாசகர், கோவை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போகலாம். யாரும் மதம் கேட்க மாட்டார்கள், செருப்பைக் கழற்றவும் வேண்டியதில்லை. தொப்பி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். நுழைவுக் கட்டணம் கிடையாது; வாசலில் நன்கொடை கேட்பார்கள், மனமிருந்தால் போடலாம்.

அடுத்தது, நீங்கள் கேட்காத ஒன்று. பட்டமளிப்பு ஒரே நாளில் முடிவதில்லை. துறைவாரியாகப் பல நாட்கள் நடக்கும். உங்கள் ‘முந்தைய நாள்’ வேறு துறைக்காரர்களின் விழா நாளாக இருந்தால், பகலில் பெரும்பகுதி பேராலயம் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். கோட்டையைத் தனியாகச் சுற்ற விடமாட்டார்கள். வழிகாட்டியுடன்தான் போக வேண்டும், அதற்கும் முன்பதிவு தேவை. ஆகவே விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இரண்டின் இணையதளங்களையும் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் அரை நாள் கணக்கு. அது வேண்டாம். கோட்டைக்கு ஒரு மணி நேரம் போதும். மீதி முழுவதும் பேராலயத்துக்கு. கோட்டை மட்டம் என்பதல்ல காரணம். இந்தக் குன்றின் மேல் இருப்பதெல்லாம் ஒருவருடைய உடலைச் சுற்றி எழுந்தவை. அந்த உடல் பேராலயத்தில் இருக்கிறது.

அவர் கத்பர்ட் என்ற துறவி. வடகடலோரத் தீவு ஒன்றில் தனிமையில் வாழ்ந்து 687-இல் இறந்தார். லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடத்தில் அடக்கம் செய்தார்கள். 11 ஆண்டுகள் கழித்துக் கல்லறையைத் திறந்தபோது உடல் அழியாமல் இருந்ததாகத் துறவிகள் அறிவித்தார்கள். அன்று தொடங்கியது திருப்பயணிகளின் வரவு. பிறகு வைக்கிங் கொள்ளையர்கள் வந்தார்கள். 875-இல் துறவிகள் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தீவை விட்டே கிளம்பிவிட்டார்கள். பல ஆண்டுகள் அலைந்தார்கள். செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட் என்ற ஊரில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தங்கினார்கள். 995-இல் டர்ஹம் வந்து சேர்ந்தார்கள். வியர் ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓட, நடுவே செங்குத்தாக நிற்கும் பாறைக் குன்று. ஒளித்துவைக்கவும் காக்கவும் இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. தொலைந்த பசுவைத் தேடிப்போன பெண்ணின் பின்னால் போய் இந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள் என்பது ஊர்க்கதை. பேராலயத்தின் வெளிச்சுவரில் அந்தப் பசுவின் சிற்பம் இருக்கிறது.

பிரான்சின் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது வடக்கு எளிதில் பணியவில்லை. 1069-இல் அவர்கள் அனுப்பிய ஆளுநரையும் அவருடைய படையையும் டர்ஹம்காரர்கள் வெட்டிச் சாய்த்தார்கள். அதற்குப் பதிலாக எழுந்ததுதான் 1072-இல் தொடங்கிய கோட்டை. குன்றுக்கு நிலவழி இருப்பது வடக்கே மட்டும். அந்தக் கழுத்தில் கோட்டை உட்கார்ந்திருக்கிறது. 1093-இல் தெற்கே பேராலயம் தொடங்கியது. கோட்டையில் குடியிருந்தவர் ஆயர்தான், அதாவது பிஷப். இங்கே ஆயர் என்றால் ஏறக்குறைய ஒரு குறுநில மன்னர்: படை வைத்திருந்தார், நாணயம் அடித்தார், நீதிமன்றம் நடத்தினார். அந்த அதிகாரத்தின் கடைசிச் சொச்சம் போனது 1836-இல்.

பேராலயத்துக்குள் வடக்கு வாசல் வழியாகப் போவீர்கள். கதவில் சிங்கமுகம் போன்ற வெண்கலப் பிடி ஒன்று வாயில் வளையத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். இப்போதிருப்பது நகல், அசல் உள்ளே அருங்காட்சியகத்தில். கொலைகாரனே ஆனாலும் ஓடிவந்து அந்த வளையத்தைத் தட்டினால் அடைக்கலம் உண்டு. வாசலுக்கு மேலே ஒரு சிற்றறையில் இரவு பகலாக ஆள் காத்திருந்தான். வந்தவனுக்குக் கறுப்பு அங்கி. அதன் இடது தோளில் மஞ்சள் சிலுவை. 37 நாள் கெடு. அதற்குள் வழக்கைச் சந்திக்க வேண்டும் அல்லது நாட்டைவிட்டே போக வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் எல்லாரும் இடதுபுறம் திரும்பிப் பீடத்தை நோக்கி நடப்பார்கள். நீங்கள் வலதுபுறம், மேற்குக் கோடிக்குப் போங்கள். அங்கே தரையில் குறுக்கே ஒரு கறுப்புக் கல் கோடு ஓடும். குனிந்து பாருங்கள்: ஃப்ராஸ்டர்லி என்ற இடத்தின் சுண்ணாம்புக்கல் அது, உள்ளே பழங்காலப் பவளங்களின் வெள்ளைச் சுருள்கள் தெரியும். பெண்கள் அந்தக் கல்லைத் தாண்டக்கூடாது என்று பெனடிக்ட் சபைத் துறவிகள் விதித்திருந்தார்கள். கத்பர்டுக்குப் பெண்கள் என்றால் ஆகாது என்று காரணம் சொன்னார்கள். உயிரோடிருந்த கத்பர்டுக்குப் பெண் மடத்தலைவியர் நல்ல நண்பர்களாக இருந்தார்கள் என்பதால் இந்தப் பழியை அவர்மேல் போட எனக்கு மனம் வரவில்லை. ராணிக்கும் விலக்கு இல்லை. 1333-இல் மூன்றாம் எட்வர்டின் மனைவி ஃபிலிப்பா மடத்தலைவரின் மாளிகையில் கணவனோடு தூங்கப் போனார். துறவிகள் முறையிட, படுக்கையிலிருந்து எழுந்து உள்ளுடையோடு கோட்டைக்கு ஓட வேண்டியதாயிற்று. உங்கள் மகள் அந்தக் கறுப்புக் கல்லைத் தாண்டிப் போய்த்தான் பட்டம் வாங்கப்போகிறாள்.

கோட்டின் அருகே நின்று கிழக்கே பாருங்கள். இருபுறமும் பெருந்தூண்கள். உருண்டையான ஒவ்வொன்றும் சுற்றளவில் 6.6 மீட்டர், உயரமும் அதே அளவு. ஒன்றில் குறுக்கு நெடுக்காக மடியும் கோடுகள், ஒன்றில் சாய்சதுரங்கள், ஒன்றில் நெடுங்குழிகள். ஒரு தூணுக்குப் பக்கத்தில் போய், கற்களின் இணைப்பைக் கண்ணால் தொடருங்கள். தூணை நிறுத்திவிட்டுச் செதுக்கியதல்ல இது. ஒவ்வொரு கல்லிலும் கோட்டின் ஒரு துண்டை முன்பே வெட்டி, பிறகுதான் அடுக்கினார்கள். அடுத்த கல்லில் கோடு சரியாகத் தொடர வேண்டுமானால் அளவுப்பலகையில் எவ்வளவு கணக்கு இருந்திருக்க வேண்டும்! கிழக்கே பாடகர் பகுதியை நெருங்கினால் தூண்களில் கோடுகள் சுருளாக ஏறும். புனிதரின் இடம் அருகில் இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது.

கூரையை இப்போது பார்க்க வேண்டாம். மறுநாள் விழாவில் நீங்கள் உட்காரப்போவது இதே நடுக்கூடத்தில். நூற்றுக்கணக்கான பெயர்களை வாசித்து முடிக்கும்வரை அண்ணாந்து பார்க்க நேரம் இருக்கும். அப்போது கவனிக்க வேண்டியது இது. ஒவ்வொரு கட்டத்திலும் மூலைவிட்டமாக இரண்டு கல் விலாக்கள் குறுக்கிட்டுப் போகும், அவை அரைவட்டம். கூடத்தைக் குறுக்கே தாண்டும் பெரிய வளைவுகளோ உச்சியில் கூராக இருக்கும். அரைவட்டத்தின் உயரம் அதன் அகலத்தில் பாதி. மூலைவிட்டம் நீளமானது என்பதால் அதன் அரைவட்டம் உயரமாக எழும். குறுக்கு வளைவு அரைவட்டமாக இருந்தால் தாழ்ந்து போய்விடும். அதைக் கூராக்கினால் இரண்டும் ஒரே உயரத்தில் சேரும். 1133-க்குள் இதைக் கட்டி முடித்துவிட்டார்கள். பின்னால் பிரான்சில் கோதிக் பேராலயங்கள் விண்ணளக்கக் கிளம்பியதற்கு வேண்டிய கூர் வளைவும் விலாக் கூரையும் இங்கே ஏற்கெனவே ஒன்றுசேர்ந்திருக்கின்றன. நார்மன் கட்டடம் என்றால் கனம்தான், நுட்பம் இல்லை என்று எழுதுகிறவர்கள் இங்கே ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.

பீடத்துக்குப் பின்னால் உயரமான மேடையில் கத்பர்டின் கல்லறை. படிகள் உண்டு, உங்கள் மனைவி கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறட்டும், இந்த ஒரு இடத்துக்கு அந்தச் சிரமம் தகும். 1104-இல் உடலை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். கல்லறை மேல் பொன்னும் மணியும் இழைத்த பெட்டி. அதன் மூடியைத் தூக்கும் கயிற்றில் ஆறு வெள்ளி மணிகள். கயிறு அசைந்தால் ஆலயம் முழுவதும் மணி கேட்கும், எங்கிருந்தாலும் பயணிகள் வந்து கூடுவார்கள். மடங்களைக் கலைத்த மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் அத்தனையையும் பிரித்தெடுத்துப் போய்விட்டார்கள். இப்போது எஞ்சியிருப்பது பெயர் மட்டும் பொறித்த ஒரு கல் பலகை. 1827-இல் கல்லறையைத் திறந்தபோது கிடைத்த தங்கச் சிலுவையும் செதுக்கிய ஓக் மரச் சவப்பெட்டியின் துண்டுகளும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதற்குக் கட்டணம் உண்டு; கொடுத்துப் பாருங்கள். அந்தச் சிலுவை அவர் கழுத்தில் கிடந்தது.

மேற்குக் கோடியில் உள்ள கலிலேயா சிற்றாலயத்தில் வரலாற்றாசிரியர் பீடின் கல்லறை இருக்கிறது. தூண்கள் மெலிந்து, வெளிச்சமான இடம். கால் வலித்தால் உட்கார ஏற்றது.

கோட்டையில் பெரும்பகுதி மாணவர் விடுதி. உச்சியில் தெரியும் கோபுரமே 1840-இல் மாணவர் அறைகளுக்காகத் திரும்பக் கட்டியது, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பார்க்க வேண்டியது அடித்தளத்தில் உள்ள நார்மன் சிற்றாலயம். 1078 வாக்கில் எழுந்தது. தூண்களின் மணற்கல்லில் இயற்கையாகவே அலையலையாக நிறக்கோடுகள் ஓடும். தலைப்பகுதிகளில் வேட்டை நாய், மான், ஒரு கடற்கன்னி. சுற்றுலாவில் படிகள் அதிகம். முன்பதிவின்போதே முழங்கால் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

ரயில் நிலையம் எதிர்க்குன்றில் இருக்கிறது. நடுவே இறங்கி ஏற வேண்டும், பாதை உருளைக்கல். டாக்சியில் நேராகப் பேராலயத்துக்கும் கோட்டைக்கும் நடுவிலுள்ள புல்வெளிக்கு வந்துவிடுங்கள். பேராலயத்தின் மையக் கோபுரத்துக்கு 325 படிகள். மகள் மட்டும் ஏறட்டும். மாலையில் பாடகர் குழு பாடும் வழிபாடு இருந்தால், நேரத்தைக் கேட்டுக்கொண்டு கால் மணி நேரம் முன்பே போய் உட்காருங்கள். அதற்கும் டிக்கெட் இல்லை.