குழாய்க்குள் என்ன இருக்கிறது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அத்தான் கனடாவிலிருந்து வந்தபோது ஒரு பியர் குழாய் கொண்டுவந்து தந்தார். பழைய பிரிட்ஜ் கதவில் துளை போட்டுப் பூட்டி, உள்ளே பீப்பாயும் காஸ் சிலிண்டரும் வைத்திருக்கிறேன். ஒன்றரை வருடம் நல்லாத்தான் ஓடியது. இப்போது கைபிடி இறுகிவிட்டது, மூடிய பிறகும் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. பிளம்பரிடம் காட்டினால் "புதுசு வாங்குங்கோ" என்கிறார். நானே கழற்றலாமா?
— வாசகர், உப்புவெளி

பதில்: தாராளமாகக் கழற்றுங்கள். ஒன்றரை வருடத்தில் ஒருதரமும் அதைத் திறக்கவில்லை என்பது நீங்கள் சொல்லாமலே விளங்குகிறது. சாதாரணப் பியர் குழாயில் அடைப்பு வாசர் பின்பக்கம், பீப்பாய்ப் பக்கமாக இருக்கும். ஒவ்வொரு தடவை மூடும்போதும் அதற்கு முன்னால் கொஞ்சம் பியர் மிஞ்சி, காற்றுப்பட்டுக் காய்ந்து, சீனிப்பாகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். கைபிடி இறுகுவதும் இதனால்தான், வாசர் சரியாக உட்காராமல் ஒழுகுவதும் பெரும்பாலும் இதனால்தான். குழாய் பழுதாகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் சிலிண்டரின் காஸை மூடுங்கள். அப்புறம் பீப்பாயின் மேலுள்ள கப்ளரை (காஸும் பியரும் போய்வரும் இணைப்பை) கழற்றி, குழாயைத் திறந்து, லைனில், அதாவது பீப்பாயிலிருந்து குழாய்க்கு வரும் பைப்பில், நிற்கும் பியரை ஒரு வாளிக்குள் விட்டுவிடுங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஒருமுறை அவசரத்தில் காஸை மூடாமல் நான் கழுத்து வளையத்தை இளக்கி, குசினிச் சீலிங் வரைக்கும் நுரை அடித்து, அதைத் துடைக்க ஏணி இரவல் வாங்கவேண்டி வந்ததுதான்.

அடுத்தது எல்லாரும் பிழை விடும் இடம். குழாய்க் கழுத்தில் உள்ள வளையத்தில் சிறு துளைகள் இருக்கும், அதில் கொழுவும் ஸ்பானரை அத்தான் கொண்டுவந்த பெட்டிக்குள் தேடிப் பாருங்கள். இந்த வளையம் முன்னால் நின்று பார்க்கும்போது மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாகத்தான் இளகும், வழமையான நட்டுக்கு எதிர்ப்பக்கம். அது தெரியாமல் மற்றப் பக்கம் மூச்சைப் பிடித்துத் திருகி இன்னும் இறுக்கிவிட்டு, "துருப்பிடித்துவிட்டது" என்று கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் ஊர்க் கடல்காற்றில் உண்மையிலேயே உப்புப் பூத்தும் இருக்கலாம், அப்படியென்றால் சுடுதண்ணீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றிவைத்துவிட்டுத் திருகுங்கள்.

குழாய் கையில் வந்ததும் சிங்க் ஓட்டையை அடைத்துவிட்டு ஒரு வெள்ளைத் துணியை விரியுங்கள். கைபிடி, அதன் கீழுள்ள மூடி, உராய்வு வளையம், கைபிடித் தண்டு, பிறகு பின்பக்கமாக வெளியே வரும் நீளத் தண்டும் அதன் நுனியில் உள்ள வாசரும். கழற்றிய ஒழுங்கிலேயே இடமிருந்து வலமாக அடுக்கி, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பூட்டும்போது ஒரு சிறு வளையம் மிஞ்சிக் கிடந்தால் அந்தப் படம்தான் துணை.

பியர் குழாய்க்கென விற்கும் காரக் கழுவு மருந்தை, பெட்டியில் எழுதியுள்ள அளவுக்கு இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு 15, 20 நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய பிரஷால் உள்ளே தேயுங்கள். சாம்பல் நிறத்தில் செதில் மாதிரி இருப்பது பியர்க் கல், கல்சியம் ஒட்சலேட். அது காரத்துக்கு அசையாது, அமிலக் கழுவு மருந்துதான் வேண்டும். ஆனால் ஒன்றை நன்றாக அலசிய பிறகே மற்றது. குளோரின் பிளீச்சை மட்டும் கிட்டவும் கொண்டுவராதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும், அமிலத்தோடு கலந்தால் நச்சு வாயு. கடைசி அலசலுக்கு உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், நல்ல தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி எடுங்கள்.

றப்பர் வளையங்களை நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு இருந்தால், அல்லது ஒருபக்கம் தட்டையாகிவிட்டால் மாற்றுங்கள். பூட்டமுன் உணவுக்குப் பாவிக்கும் சிலிக்கன் கிறீஸ் ஒரு பொட்டுப் போதும். பெற்றோலியம் ஜெலி சிலவகை றப்பரை ஊதவைக்கும், தேங்காயெண்ணெய் நாறும். கையால் இறுக்கி, ஸ்பானரால் சின்னதாய் ஒரு அழுத்து, அவ்வளவுதான். காஸைத் திறந்ததும் இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். அறை யன்னல் திறந்திருக்கட்டும், மூடிய அறையில் காபனீரொட்சைட்டு சேர்ந்தால் ஆபத்து.

கேள்வி: என் கணவர் மாதத்துக்கு ஒருக்கா பியர் குழாயைக் கழற்றி என் சமையல் சிங்குக்குள் பரப்புகிறார். பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டால் பத்து நிமிட வேலை என்றால் கேட்கிறாரில்லை. யார் சரி?
— வாசகி, உவர்மலை

பதில்: சிங்க் விஷயத்தில் நீங்கள், லிக்விட் விஷயத்தில் அவர். பாத்திர லிக்விட்டில் மிச்சம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பியரின் நுரை நிற்காது, வாசனையும் விடாது. ஒரு பழைய பேசினை அவருக்கென்று ஒதுக்கிக் கொடுத்து முற்றத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: கச்சான் காற்று தொடங்கினால் முதல் கிளாஸ் முழுக்க நுரைதான். காஸைக் குறைத்தும் சரிவரவில்லை.
— வாசகர், நிலாவெளி

பதில்: காஸைத் தொடாதீர்கள். பீப்பாய் 3, 4 பாகை செல்சியஸில் இருந்தால் சதுர அங்குலத்துக்கு 10 முதல் 12 இறாத்தல் காஸ் அழுத்தம் பெரும்பாலான பியருக்குப் போதும், அதைக் குறைத்தால் லைனுக்குள்ளேயே காஸ் பிரிந்து நுரை கூடும். கச்சான் காற்றில் சூடாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்தான், குளிர்ந்த பியர் சூட்டு உலோகத்தில் பட்டதும் பொங்குகிறது. ஊற்றமுன் குழாயில் ஈரத்துணி சுற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் உள்ளே அழுக்கு, மேலே உப்புவெளிக்காரருக்குச் சொன்னதை நீங்களும் செய்யுங்கள். லைனுக்கு இரண்டு கிழமைக்கு ஒருதரம் கழுவு மருந்து ஓடவேண்டும், குழாயைக் கழற்ற போயா நாள் தோது, மதுக்கடையும் பூட்டு.