பதில்: பிளெண்டர் (3டி சாஃப்ட்வேர்) வாக்த்ரூ வீடியோல ரூம் மூலையெல்லாம் மினுமினுக்குது

லைட்ட மாத்தி பிரயோஜனம் இல்ல, மினுக்க வைக்கிறது டீனாய்ஸர்தான், அதாவது படத்துல இருக்குற பொடிப்புள்ளிய (நாய்ஸ்) பூசி மறைக்கிற வசதி. 64 சாம்பிள்னு (ஒரு பிக்சலுக்கு எத்தன தடவ வெளிச்சத்த கணக்குப் போடணும்ங்குற எண்ணிக்கை) போட்டிருக்கீங்க, ஸ்டில்லுக்கு அது ஓகே, ஆனா சைக்கிள்ஸ் (பிளெண்டர்ல படத்த ரெண்டர் பண்ற, அதாவது உருவாக்குற இன்ஜின்) ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியா டீனாய்ஸ் பண்ணுது, முந்தின ஃபிரேம்ல என்ன பண்ணுச்சுன்னு அதுக்குத் தெரியாது, அதனால வெளிச்சம் கம்மியான மூலைல ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி திட்டுதிட்டா பூசிவிடுது.

கேமரா வியூல கன்ட்ரோல் பி அழுத்தி அந்த மூலைக்கு மட்டும் பெட்டி போட்டு, டீனாய்ஸ ஆஃப் பண்ணி 10 ஃபிரேம் ஓட்டிப் பாருங்க. பொடிப்பொடியா நாய்ஸ் மொய்ச்சா இதேதான், சாம்பிள ஏத்துங்க. நாய்ஸ் பாதியாகணும்னா சாம்பிள் 4 மடங்கு, அதாவது 256. ரெண்டர் டைம் எகிறும், வேற வழியில்ல.

மினுக்குறது ஜன்னல் கம்பி, டைல்ஸ் கோடுன்னா சாம்பிள ஏத்தினாலும் சரியாகாது, அங்க பிக்சல் பத்தல, ரெசல்யூஷன ஏத்தி ரெண்டர் பண்ணி அப்புறமா சின்னதாக்குங்க.