வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? கேளுங்கள்

கேட்பதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறதா? சுற்றவே இல்லை என்றால் பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார் பக்கம் தேட வேண்டும். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல், ஸ்பார்க், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை எடுக்க விடாத திருட்டுத் தடுப்பு) பக்கம். 'ஸ்டார்ட் ஆகலை' என்று மட்டும் எழுதினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

சேலம், பெட்ரோல் கார்: அண்ணா, சாவி திருப்பினால் டக்கடக்கடக் என்று சத்தம், மீட்டர் விளக்கும் மங்குது. பேட்டரிக்கு 4 வயசு. புதுசு வாங்கிடலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் ஒரு மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 பாதி, 12-க்குக் கீழே போனால் நன்றாக இறங்கிவிட்டது. இறங்கியிருந்தால் வெளியே கொடுத்து முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டு, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போயிருக்க வாய்ப்பு அதிகம்.

விழவில்லை, ஆனாலும் சுற்றத் திணறுகிறது என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், மறுமுனை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் (நெகட்டிவை இன்ஜினோடு இணைப்பது) சரியில்லை. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, தேய்த்து, இறுக்குங்கள். இதைச் செய்யாமலே பலர் நல்ல பேட்டரியைத் தூக்கிப் போடுகிறார்கள், அதுதான் என் வருத்தம்.

மதுரை: எனக்கு டக் என்று ஒரே ஒரு சத்தம்தான். விளக்கு மங்கலை.

செல்ஃப் மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் காந்த ஸ்விட்ச், அதாவது சொலினாய்டு, இழுக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. ஒருவர் சாவியைப் பிடித்திருக்க, இன்னொருவர் செல்ஃப் மோட்டார் உடம்பில் லேசாகத் தட்டட்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு. தட்டியதும் மோட்டார் சுற்றினால், உள்ளே கரன்ட் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கக்கூடும். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் பிரஷ் மாற்றிக்கொள்ளுங்கள், முழு மோட்டார் வாங்க அவசரம் இல்லை.

ஈரோடு, பைக்: ஹார்ன் நன்றாக அடிக்குது, செல்ஃப் மட்டும் எடுக்கலை.

சைடு ஸ்டாண்ட் மடங்கியிருக்கிறதா, கிளட்ச் பிடித்திருக்கிறீர்களா, கில் ஸ்விட்ச் (இன்ஜினை நிறுத்தும் ஸ்விட்ச்) ஆஃபில் இருக்கிறதா. மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வேளச்சேரி: மழைத் தண்ணி கார் சீட் வரை வந்து வடிஞ்சுடுச்சு. ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பார்க்கலாமா?

கூடாது. ஒரு தடவைகூடக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் ஊறிய வண்டிகளுக்கு இதையேதான் சொன்னேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கையால் இன்ஜினைச் சுற்றி, ஆயில் பால் போல ஆகியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது. தண்ணீரில் செல்ஃப் அடித்துக் கெட்ட இன்ஜினுக்கு, தனியாக இன்ஜின் பாதுகாப்பு சேர்த்திருந்தாலொழிய, இன்சூரன்ஸ் கிடைப்பது கஷ்டம்.

திருச்சி: வண்டி ஓடும்போதே எங்க மெக்கானிக் பேட்டரி ஒயரைக் கழற்றினார். நிற்கலைன்னா ஆல்டர்னேட்டர் நல்லதாம். சரியா?

தவறு. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் வீச்சைத் தாங்கிப் பிடிப்பது பேட்டரிதான். அதைக் கழற்றிய நொடியில் வோல்டேஜ் 40-ஐயும் தாண்டி எகிறலாம். இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போனால் செலவு ஆயிரங்களில். அதோடு, உள்ளே இருக்கும் டையோடுகளில் (கரன்ட்டை ஒரே திசையில் விடுபவை) ஒன்று போன ஆல்டர்னேட்டரும் இன்ஜினை ஓடவைக்கும், அதனால் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது.

கரூர்: முப்பது வருஷமா அப்படித்தான் பார்க்கிறோம் சார். ஒன்னும் ஆனதில்லை.

கார்பரேட்டரும் ஸ்பார்க்குக்கு பாயின்ட்டும் இருந்த பழைய வண்டியில் எரிவதற்கு எலக்ட்ரானிக்ஸ் இல்லை. அந்த அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இன்றைய வண்டிக்கு அது பொருந்தாது.

கரூர்: நடுரோட்டில் மீட்டருக்கு எங்கே போவது?

வண்டியிலேயே ஒன்றை வைத்திருங்கள் என்றுதான் சொல்கிறேன். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. மீட்டரே இல்லையா, டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். ஒயரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

திருச்சி: அவரிடம் இதைக் காட்டுகிறேன்.

காட்டுங்கள். கோபித்துக்கொண்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள், பொறுமையாகவே சொல்கிறேன்.

தஞ்சாவூர்: டக்கடக்கடக் என்று சத்தம் வருது, என்ன செய்ய?

சேலத்துக்குச் சொன்ன பதில்.

நாமக்கல்: எனக்கும் டக்கடக்...

சேலம். மேலே இருக்கிறது, படியுங்கள்.

ஓசூர்: மின்சார ஸ்கூட்டர் ஆன் ஆகலை.

என் துறை இல்லை. கம்பெனி சர்வீஸுக்கே கொண்டு போங்கள், பேட்டரிப் பெட்டியைத் திறக்காதீர்கள்.

திண்டுக்கல், டீசல்: டேங்க் காலியாகி நின்னுச்சு. டீசல் ஊற்றியும் எடுக்கலை. இன்ஜெக்டர் பைப்பை லூஸ் பண்ணி ஏர் எடுக்கலாமா?

காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) என்றால் அதைத் தொடாதீர்கள். உள்ளே 1000 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும், தோலைத் துளைத்துவிடும். ஃபில்டர் பக்கம் கைப்பம்ப் இருந்தால் கெட்டியாகும்வரை அமுக்கிவிட்டு முயலுங்கள். செல்ஃபை ஒரு முறைக்குப் பத்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

கோவை: பெட்ரோல் கார். ஓடிட்டே இருந்தது, டப்பென்று நின்னுச்சு. இப்போ செல்ஃப் வழக்கத்தைவிட வேகமா, ஒரே சீரா சுத்துது, ஆனா பிடிக்கலை.

செல்ஃப் அடிப்பதை இப்போதே நிறுத்துங்கள். திணறலே இல்லாமல் ஒரே சீராகச் சுற்றினால் வால்வுகளை இயக்கும் கேம் தண்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட்டோ செயினோ போயிருக்கலாம். மேலும் சுற்றினால் பிஸ்டன் வால்வில் இடிக்கலாம். மேல் கவரைக் கழற்றி, கேம் சுற்றுகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கேம் சுற்றுகிறது என்றால் திரும்ப எழுதுங்கள், பெட்ரோல் பம்ப் ரிலேயிலிருந்து பார்ப்போம்.