சிங்கப்பூர் கப்பல் பயணம்: ஏஜென்ட் சொல்லும் விலை ஏன் அதிகம்?

கேள்வி: மே விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் 4 இரவுக் கப்பலில் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார். மாமனாருக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் பார்த்ததைவிட ஏஜென்ட் சொல்லும் விலை முப்பதாயிரம் ரூபாய் அதிகம். கேட்டால் "எல்லாம் சேர்த்துதான் மேடம்" என்கிறார். நாங்களே புக் செய்துவிடலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: நீங்களும் கணவரும் மட்டும் போவதாக இருந்தால் நீங்களே புக் செய்யுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆறு பேர், இரண்டு கேபின், விசா, முழங்கால் வலி என்று வரும்போது ஏஜென்ட் இருப்பது நல்லது. ஆனால் அந்த "எல்லாம்" என்பதில் என்னென்ன அடக்கம் என்று முதலில் எழுதி வாங்குங்கள்.

இணையதளத்தில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒரு கேபினில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் கட்டணம்தான். துறைமுகக் கட்டணமும் வரியும் சில நேரம் கடைசிப் பக்கத்தில்தான் சேரும். கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ் அப்போதும் வெளியே நிற்கும். அது விருப்பப்பட்டால் கொடுப்பது இல்லை, தலைக்கு இரவுக்கு இவ்வளவு என்று உங்கள் கணக்கில் ஏறிவிடும். பெரிய கம்பெனிகளில் சுமார் 16 முதல் 20 அமெரிக்க டாலர். 18 என்றே வைத்துக்கொள்ளுங்கள்: ஆறு பேர், நான்கு இரவு, மொத்தம் 432 டாலர். ரூபாயில் முப்பத்தைந்தாயிரத்தைத் தாண்டிவிடும். ஏஜென்ட் இதையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்றால் அவர் விலைதான் குறைவு! சேர்க்கவில்லை என்றால் அந்த முப்பதாயிரம் எதற்கு என்று தாராளமாகக் கேளுங்கள். கப்பல் கட்டணத்தில் அவருக்குக் கம்பெனியே கமிஷன் தருகிறது. விசா வேலைக்கு அவர் தனியாக சர்வீஸ் சார்ஜ் வாங்குவதில் தப்பில்லை, ஆனால் அது பில்லில் தனியாகத் தெரிய வேண்டும்.

வெளிநாட்டு பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வாங்கி அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள். அது செலவு இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அதனால் வீட்டில் யார் ரிட்டர்ன் தாக்கல் செய்கிறாரோ அவருடைய பான் எண்ணைக் கொடுங்கள்.

அடுத்து கேபின். உங்கள் விஷயத்தில் விலையைவிட இதுதான் முக்கியம் என்பேன். இணையத்தில் ஆகக் குறைவாகக் காட்டும் விலை, பல நேரங்களில், எந்த அறை என்பதைக் கம்பெனியே முடிவு செய்யும் வகை. இளவட்டங்களுக்கு அது சரி. உதாரணத்துக்கு, ஜென்டிங் ட்ரீம் என்ற கப்பலின் நீளம் 335 மீட்டர். லிஃப்ட் ஒரு பக்கமும் அறை மறுகோடியிலும் இருந்தால் உங்கள் மாமனார் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் போய் வருவதற்கே ஓய்ந்துவிடுவார். அறை எண்ணை இப்போதே உறுதி செய்யச் சொல்லுங்கள்: கப்பலின் நடுப்பகுதி, லிஃப்டுக்குப் பக்கம், நீச்சல் குளத்துக்கு நேர் கீழே வேண்டாம். நடுப்பகுதியில் ஆட்டமும் குறைவு. பெரியவர்களுக்கு ஒரு அறை, உங்கள் நால்வருக்கு ஒன்று என்றால், உங்கள் அறையில் மேலிருந்து இறக்கும் படுக்கைகள் பிள்ளைகளுக்கு. ஏணி ஏறுவதற்கே சண்டை போடுவார்கள். குளியலறை வாசலில் உயரமான படி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

நல்ல ஏஜென்ட் என்றால் இதையெல்லாம் அவரே கேட்டிருப்பார். யார் யார் வருகிறார்கள், நடக்க முடியுமா, என்ன சாப்பிடுவீர்கள் என்று எதுவும் கேட்காமல் விலை சொன்னவர் என்றால் இன்னொருவரிடமும் விசாரியுங்கள்.

வழித்தடத்தில் தாய்லாந்தின் புக்கெட்டைவிட மலேசியாவின் பினாங்கு உங்களுக்கு ஏற்றது. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கடலிலேயே நிற்கும், சிறு படகில் இறங்கிக் கரைக்குப் போக வேண்டும். மே மாதம் அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் சமயம். அலை அதிகம் என்றால் இறக்கவே மாட்டார்கள், திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் துறைமுகக் கட்டணம் மட்டும். பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கரையோடு வந்து நிற்கும். பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில் உள்ள லிட்டில் இந்தியா பக்கத்திலேயே, தமிழ் பேசியே காபி குடித்துவிட்டு வரலாம். மலேசியாவிலேயே கிள்ளான் துறைமுகத்தில் நிற்கும் கப்பல் என்றால் கோலாலம்பூர் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சிங்கப்பூரை விட்டுக் கிளம்பி மறுபடி அங்கேயே இறங்குகிறீர்கள். ஆகவே விசா பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். எஸ்ஜி அரைவல் கார்டை (சிங்கப்பூருக்குள் நுழையும் முன் இணையத்தில் நிரப்பும் படிவம்), கப்பலில் திரும்பி வரும்போதும் இன்னொரு முறை நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம், பணம் கேட்கும் தளங்களை விட்டுவிடுங்கள்.

ஏஜென்ட் வழியாகப் போனால் ஒரு சங்கடம் உண்டு. பிறகு மாற்றமோ ரத்தோ செய்ய நேராகக் கம்பெனியிடம் போனால், ஏஜென்டிடமே பேசச் சொல்லித் திருப்பிவிடுவார்கள். அதனால் முன்பணம் கட்டியதும் கம்பெனியின் புக்கிங் எண்ணை வாங்கி, அவர்கள் ஆப்பில் நீங்களே போட்டுப் பாருங்கள். ரத்து செய்தால் கம்பெனி எவ்வளவு பிடிக்கும், ஏஜென்ட் எவ்வளவு பிடிப்பார், இரண்டும் எழுத்தில் வேண்டும். முழுப் பணமும் கட்டும் கடைசித் தேதிக்கு முன் விலை இறங்கினால் குறைத்துத் தருவீர்களா என்றும் கேளுங்கள். கேட்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

மாமனாருக்கு எடுக்கும் இன்ஷூரன்ஸில் கப்பல் பயணமும், ஏற்கெனவே உள்ள நோய்களும் அடங்குமா என்று பாலிசியைப் பாருங்கள். கப்பல் மருத்துவமனை பில் கையைக் கடிக்கும்.

கடைசியாக, விமானம். கப்பல் ஏறும் நாளுக்கு முந்தைய நாளே சிங்கப்பூர் போய்விடுங்கள், விமானம் தாமதம் என்றால் கப்பல் காத்திருக்காது. இறங்கும் நாளில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு கிளம்பும் விமானமாகப் போடச் சொல்லுங்கள்.