நான்கு வருடமாகியும் ஒரு சாண் உயரம் இல்லை: என் கன்று பிரிசில்கோன் பைன்தானா?

அமெரிக்க மலைகளில் ஆயிரக்கணக்கான வருடம் வாழும் பிரிசில்கோன் பைன் என்று சொல்லி வாங்கிய விதை, நான்கு வருடமாகியும் ஒரு சாண் எட்டவில்லை, இது அந்த மரம்தானா, ஏதும் நோயா என்பது உங்கள் கேள்வி. உயரத்தை வைத்துக் கவலைப்படாதீர்கள். என்னிடம் இருக்கும் கன்றுக்கு ஏழு வயது. பக்கத்தில் கையை நிமிர்த்தி வைத்தால் என் நடுவிரலைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். வறண்ட மலைச் சரிவில் பெரிய மரமே நூறு வருடத்தில் ஓர் அங்குலம் பருத்தால் அதிகம்.

அடையாளத்துக்கு ஊசிகளைப் பாருங்கள். முளைத்த புதிதில் ஊசிகள் தனித்தனியாக வரும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது. இப்போது உங்கள் கன்றில் கொத்துகள் வந்திருக்கும். ஒரு கொத்தை அடியோடு கிள்ளி எண்ணுங்கள், ஐந்து ஊசி இருக்க வேண்டும். இரண்டோ மூன்றோ என்றால் வேறு பைன். ஐந்து இருந்தாலும் அதே மலைகளில் வளரும் லிம்பர் பைனாக இருக்கலாம். லிம்பரின் ஊசி நீளம், கிளை நுனியில் மட்டும் குஞ்சம் போல நிற்கும். பிரிசில்கோன் ஊசி 2.5 முதல் 4 சென்டிமீட்டர்தான். ஒரே ஊசி முப்பது வருடத்துக்கு மேலும் உதிராமல் இருக்கும் என்பதால், வளர்ந்த மரத்தின் கிளை பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி நெடுக அடர்ந்திருக்கும். காய்த்த மரமென்றால் சந்தேகமே வராது, கூம்பின் ஒவ்வொரு செதிலிலும் மெல்லிய முள் நீட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம், ஊசியின் மேல் வெள்ளைப் புள்ளிகள் நிறைய இருக்கின்றனவா? மாவுப்பூச்சி என்று நினைத்து மருந்து அடித்துவிடாதீர்கள். அது காய்ந்த பிசின். அப்படி இருந்தால் உங்களுடையது கொலராடோ பக்கத்து ராக்கி மலை பிரிசில்கோன். விதையாகவும் கன்றாகவும் அதிகம் விற்பது இதுதான். ஊசி சுத்தமாக இருந்தால் கலிபோர்னியா, நெவாடா, யூட்டா மலைகளின் கிரேட் பேசின் இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். 1970 வரை இரண்டையும் ஒரே இனம் என்றுதான் வைத்திருந்தார்கள். ராக்கி மலை இனத்திலும் இரண்டாயிரம் வயதைத் தாண்டிய மரங்கள் உண்டு, அதனால் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

வளர்ப்பில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். முதல் முறை ஒரு மாதம் ஈர மணலில் ஃபிரிட்ஜில் வைத்த விதைகள் நன்றாகவே முளைத்தன. பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினேன். மூன்றே வாரத்தில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து, நூல் போல் இளைத்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டன. இந்த மரத்துக்கு ஈரத்தில் நிற்பதுதான் எமன். இப்போது பாதிக்கு மேல் கரடுமுரடான மணலும் பொடிக்கல்லும் கலந்த மண், ஆழமான தொட்டி, முழு வெயில். விரலை விட்டுப் பார்த்து இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். உரம் போடுவதே இல்லை.

ஏன் இவ்வளவு கறார் என்பது கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளுக்குப் போனபோது புரிந்தது. சுமார் 3,000 மீட்டர் உயரம், டோலமைட் பாறை உடைந்த வெள்ளைச் சரளை, வருடத்துக்கு ஏறக்குறைய 300 மில்லிமீட்டர் மழையும் பனியும். 1957-ல் மர வளையங்களை எண்ணி வயது காணும் ஆய்வாளர் எட்மண்ட் ஷுல்மன் 4,700 வயதுக்கு மேல் என்று கண்டறிந்த மெத்துசேலா மரம் அங்கேதான் நிற்கிறது. எது அந்த மரம் என்று யாருக்கும் காட்டுவதில்லை. நான் பார்த்த ஒரு மரத்தில் தண்டு முழுக்கச் செத்து வெளுத்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை ஏறிப்போய், மேலே ஒரே ஒரு பச்சைக் கிளையைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வேரும் தனக்கு நேர் மேலே உள்ள பகுதிக்குத்தான் நீர் அனுப்பும். ஒரு வேர் போனால் அந்தப் பகுதி மட்டும் சாகும், மீதி பிழைத்துக்கொள்ளும். மெதுவாக வளர்வதால் மரம் நெருக்கமாகவும் பிசின் நிறைந்தும் இருக்கிறது, பூச்சியும் பூஞ்சையும் எளிதில் நுழைய முடியாது. ஈரமும் சத்தும் உள்ள சரிவுகளில் இதே இனம் வேகமாக வளர்ந்து, சீக்கிரமே செத்துவிடுகிறது.

ஆகவே கன்றை வீட்டுக்குள் வைக்காதீர்கள், குளிர்காலத்திலும் வெளியிலேயே இருக்கட்டும். உங்கள் இடம் வருடம் முழுக்க வெக்கையும் புழுக்கமும் என்றால், சிரமம்தான், இது அங்கே நிலைப்பது அரிது. தொட்டி மாற்றும்போது வேரைச் சுற்றியுள்ள பழைய மண்ணை முழுக்க உதறாமல் அப்படியே இறக்கி வையுங்கள்.