மழை வருமா என்று அவர் கேட்கவில்லை!

முப்பது வருஷம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன் என்பதால், எங்கள் குடியிருப்பில் யாருக்கு ஆங்கிலத் தொடர் புரியாவிட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். இந்த வாரம் வந்தவை இவை.

கே: அமெரிக்க மேனேஜரை டீம் டின்னருக்குக் கூப்பிட்டேன். ‘கேன் ஐ டேக் எ ரெயின் செக்?’ என்றார். செல்போனில் வானிலை பார்த்து ‘நோ ரெயின் டுடே சார்’ என்றேன். விழுந்து விழுந்து சிரிக்கிறார். (சோழிங்கநல்லூர்)

ப: நவம்பர் மாதச் சென்னையில் அப்படித்தானே தம்பி தோன்றும்! அங்கே பேஸ்பால் ஆட்டம் மழையில் நின்றுபோனால், டிக்கெட்டின் துண்டைக் காட்டி வேறொரு நாள் ஆட்டம் பார்க்கலாம். 1880களில் வந்த பழக்கம். அந்தத் துண்டுதான் ரெயின் செக். ‘இன்று முடியாது, இன்னொரு நாள் வருகிறேன்’ என்று நாசூக்காகச் சொல்லியிருக்கிறார். நம்மூர் ‘அப்புறம் பார்க்கலாம்’ மாதிரிதான். அந்த அப்புறம் பல சமயம் வருவதேயில்லை.

கே: ‘கறி ஃபேவர்’ என்பதில் வருவது நம்ம ஊர்க் கறியா சார்? (பெரம்பூர்)

ப: இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். குழம்பைச் சொல்லும் ஆங்கிலக் ‘கறி’ நம்மிடமிருந்து போனது. இந்தக் ‘கறி’ வேறு. பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. குதிரையைத் தேய்த்துவிடுவது என்று பொருள். 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிதை ஒன்றில் ஃபோவெல் என்று வஞ்சகக் குதிரை ஒன்று வரும். காரியம் ஆகவேண்டிய பெரிய மனிதர்கள் எல்லாம் அதற்கு உடம்பு தேய்த்துவிடுவார்கள். ஆங்கிலேயர் வாயில் ‘ஃபேவல்’ என்று புழங்கிய அந்தப் பெயர், குதிரைக் கதை மறந்த பிறகு ‘ஃபேவர்’ ஆகிவிட்டது. நாம் மட்டும் என்ன? ‘கால் கை பிடிப்பது’தான் ‘காக்கா பிடிப்பது’ ஆனது என்பார்கள். அங்கே குதிரை காணாமல் போனது, இங்கே காக்கா பறந்து வந்தது. பொருள் இரண்டுக்கும் ஒன்றேதான்.

கே: ‘லெட்ஸ் டேபிள் இட்’ என்றால் பேசலாம் என்றா, வேண்டாம் என்றா? (வேளச்சேரி)

ப: சொன்னவர் எந்த ஊர்க்காரர் அம்மா? லண்டன்காரர் என்றால் இப்போதே எடுத்துப் பேசலாம். அமெரிக்கர் என்றால் ஒத்திப்போடலாம். நேர் எதிர்! இரண்டாம் உலகப்போர் சமயத்தில் இந்த ஒரு சொல்லால் இரு நாட்டு அதிகாரிகளும் வெகுநேரம் வாக்குவாதம் செய்ததை அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலே எழுதியிருக்கிறார். இரண்டு நாட்டாரும் இருக்கும் மீட்டிங்கில் அந்தச் சொல் பக்கமே போகாதீர்கள்.

கே: பள்ளி நாடகத்துக்கு முன் மிஸ் ‘பிரேக் எ லெக்’ என்றார். பயந்துவிட்டேன். (பத்தாம் வகுப்பு மாணவி, மயிலாப்பூர்)

ப: ஜமாய்த்துவிட்டு வா என்று வாழ்த்தியிருக்கிறார் கண்ணு. நல்ல வார்த்தை சொன்னால் கெட்டது நடக்கும் என்பது மேடைக்காரர்கள் நம்பிக்கை. குழந்தை கன்னத்தில் நாம் கறுப்புப் பொட்டு வைப்பதில்லையா?

கே: ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’? (அசோக் நகர்)

ப: அத்தி பூத்தாற்போல்.

கே: அப்பா ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்றதற்கு லண்டன் கிளையன்ட் ‘எந்த ஸ்டேஷன்?’ என்கிறார். (தாம்பரம்)

ப: கம்பெனி ஆட்சியில் அதிகாரிகளுக்கு வேலை போட்ட ஊருக்கு ஸ்டேஷன் என்று பெயர். சொல்லை விட்டுவிட்டு அவர்கள் கப்பலேறிவிட்டார்கள், நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். ‘அவுட் ஆஃப் டவுன்’ என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் எழும்பூரா சென்ட்ரலா என்பது வரை விளக்க வேண்டிவரும்.