மூங்கில் கழியில் தொங்கிய கைப்பேசி

கைவேலைப் பக்கம்: வாசகர் கேட்கிறார், அக்கா சொல்கிறார்

கேள்வி: அக்கா, நாங்கள் நான்கு தோழிகள், சிங்கப்பூரில் செங்காங்கில் ஒரே புளோக்கில் இருக்கிறோம். எங்களில் ஒருத்தி ஊட்டியில் வளர்ந்தவள், ஸ்வெட்டர் பின்னுவதில் கைதேர்ந்தவள். அவளை வைத்து எட்டுப் பாடங்களாக ஓர் இணைய வகுப்பு எடுக்கலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கரைத்துவிட்டோம். கை அசைவு புரியவில்லை, படத்தில் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன, பேச்சைவிட மின்விசிறிச் சத்தம்தான் அதிகம். போதாததற்கு, பின்னல் சுத்தமாக வராத தோழி ஒருத்தி நடுநடுவே கேள்வி கேட்டுக் கெடுக்கிறாள். பேசாமல் ஸ்டூடியோ வாடகைக்கு எடுத்துவிடலாமா?
- செங்காங் வாசகி

பதில்: அந்த வாடகைக் காசுக்கு நல்ல நூல் வாங்குங்கள் தங்கச்சி. ஸ்டூடியோவுக்குப் போனாலும் கேமராவை எதிரே வைத்தால் இதே கதைதான்.

இந்தக் கூத்தை நானும் அடித்திருக்கிறேன். 2020இல், கொரோனாக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி ஜூன் 19 முதல் வீட்டுக்கு ஐந்து பேர் வரை வரலாம் என்று விட்டார்களே, அந்த வாரமே இரண்டு தோழிகளைக் கூப்பிட்டேன். சமையல் நிகழ்ச்சி மாதிரி நான் மேசைக்கு அந்தப் பக்கம், கைப்பேசி இந்தப் பக்கம். புடவை கூட நல்லதாகக் கட்டிக்கொண்டேன். நாற்பது நிமிஷப் பாடம். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட என் அத்தை மகள் ஒரு மாதம் கழித்து ஒரு முழம் மஃப்ளரைக் கொண்டுவந்து காட்டினாள். உட்கார்ந்து பின்னச் சொன்னேன். வலக்கைக்காரி, இடக்கையால் பின்னுகிறாள்! படத்தில் என் வலக்கை அவளுக்கு இடப்பக்கம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை அப்படியே செய்திருக்கிறாள். அவள்மேல் என்ன தப்பு?

இடம் வலம் கூடப் பரவாயில்லை. பின்னலில் நிட், பர்ல் என்று இரண்டு அடிப்படைக் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், உண்டு. நிட் போடும்போது நூல் ஊசிக்குப் பின்னால் இருக்கும், பர்லுக்கு முன்னால் வரும். எதிரே வைத்து எடுத்தால், 'நூலை முன்னால் கொண்டு வாங்க' என்று உங்கள் தோழி சொல்லும் நேரத்தில் பார்ப்பவர் கண்ணுக்கு நூல் பின்னால் போகும். காது ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொன்னால் யாருக்குத்தான் பின்னல் வரும்? முதல் முறை கற்பவர் அங்கேயே ஊசியைக் கீழே வைத்துவிடுவார்.

அதனால் கேமரா இருக்க வேண்டிய இடம் பின்னுகிறவரின் தோளுக்கு மேலே. அவர் குனிந்து தன் கையைப் பார்த்தால் என்ன தெரியுமோ, அதுதான் படத்தில் தெரிய வேண்டும். இதற்கு விலை உயர்ந்த ஸ்டாண்டு எதுவும் வேண்டாம். வீவக வீட்டில், அதான் நம் அரசு அடுக்குமாடி வீட்டில், துணி காயப்போடும் மூங்கில் கழி இருக்கும் அல்லவா? ஒரு முனையைப் புத்தக அலமாரி மேலே வையுங்கள், மறுமுனையை மடக்கு ஏணியின் மேல்படியில். கழியில் கைப்பேசிப் பிடிப்பானை மாட்டி, கையிலிருந்து சுமார் இரண்டடி உயரத்தில் தொங்கவிடுங்கள். கூடவே கயிற்றாலும் ஒரு கட்டுப் போடுங்கள். என்னுடையது காப்பிக்குள் விழுந்தது. இன்னொன்று: நேர் கீழ்நோக்கிப் பார்க்கும் கைப்பேசிக்குத் தலை எது, கால் எது என்று குழம்பிவிடும். கிடைமட்டமாக நிமிர்த்திப் பிடித்துப் பதிவைத் தொடங்கிவிட்டு, அப்புறம் கவிழ்த்து மாட்டுங்கள்.

சரி, கறுப்புக் கோட்டுக்கு வருவோம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு அது தெரியாது, வினாடிக்கு 30 படம் எடுக்கும் கைப்பேசிக்குத் தெரிந்துவிடும். அமைப்புக்குள் போய் 25 படம் என்று மாற்றுங்கள். ஷட்டர் வேகத்தை, அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் உள்ளே விழும் நேரத்தை, கையால் மாற்ற முடிந்தால் 1/50 அல்லது 1/100 வினாடி வையுங்கள். இதெல்லாம் தலைவலி என்றால் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்காருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் மேகம் வந்து போகும்போது படமும் இருண்டு வெளுக்கும். அதற்குத் திரையில் கை இருக்கும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். கண்ணி சட்டென்று மங்கித் தெளியும் தொல்லையும் அதோடு போகும்.

நூல் கறுப்போ கருநீலமோ வேண்டாம், கண்ணியே தெரியாது. பளீர் வெள்ளையும் வேண்டாம். மாம்பழ மஞ்சள், இளம்பச்சை மாதிரி ஏதாவது, 5 மில்லிமீட்டர் ஊசிக்கு ஏற்ற தடிமனில். உலோக ஊசி மினுங்கும், ஒன்றோடொன்று உரசி 'க்ளிக் க்ளிக்' என்று கேட்கும். மூங்கில் ஊசி எடுங்கள். மின்விசிறியை நிறுத்தினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஐந்தே நிமிஷத்தில் உள்ளங்கை வேர்த்து, கம்பளி நூல் விரலோடு ஒட்டும். அதனால் பருத்தி நூல் நல்லது. பாடத்தையும் ஐந்தைந்து நிமிஷத் துண்டாக எடுங்கள். ஒரு துண்டு முடிந்ததும் விசிறியைப் போட்டு ஆளுக்கொரு டம்ளர் பார்லி தண்ணீர் குடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

சத்தத்துக்கு, சட்டையில் குத்தும் சின்ன மைக் போதும். வளையலைக் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள். என் முதல் பாடம் முழுக்கக் கண்ணாடி வளையல் கச்சேரிதான். ஞாயிறு நல்ல தேர்வு. சுவர் இடிக்கிற, ஓடு வெட்டுகிற புதுப்பிப்பு வேலைகளுக்கு வீவக வீடுகளில் வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. விடிகாலைக் குயிலுக்குத்தான் எந்த விதியும் இல்லை.

கடைசியாக அந்தக் கேள்வி கேட்கும் தோழி. அவளை வெளியே அனுப்பிவிடாதீர்கள்! ஊட்டிக்காரிக்கு முப்பது வருஷப் பழக்கம். ஊசி நுனி கண்ணிக்குள் நுழைந்து, நூலைச் சுற்றி, அதைக் கொத்தி இழுத்து, பழைய கண்ணியை நழுவவிடுவது அவளுக்கு ஒரே அசைவு, அரை வினாடி. அதில் நான்கு அசைவு இருப்பதே அவளுக்கு மறந்திருக்கும். 'இரு இரு, இப்ப எந்த ஓட்டைக்குள்ள விட்டே?' என்று ஒருத்தி கேட்டால்தான் கை நிற்கும், மறுபடி மெதுவாகக் காட்டும். உங்கள் மாணவர்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்க முடியாத கேள்வி அது. அவளுக்கும் ஒரு மைக் வாங்கிக் கொடுங்கள். அவள் கண்ணியைத் தவறவிட்டால் அதையும் எடுங்கள். தவறிய கண்ணியை நான்கு வரிசை கீழிருந்து ஏற்றுவது ஒரு தனிப் பாடம்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் உள்ள டிசைனை வகுப்பில் காட்டலாமா? பின்னணியில் பழைய பாட்டு ஓடலாமா?
- தெம்பனிஸ் வாசகி

பதில்: நிட், பர்ல், கயிறு முறுக்கியது மாதிரி வரும் கேபிள் எல்லாம் பின்னும் முறை. முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் ஒருவர் எழுதிய குறிப்பும் வரைந்த கட்டமும் அவருடையவை. காசு கொடுத்து வாங்கினாலும் நீங்கள் வாங்கியது பின்னிக்கொள்வதற்கு. பக்கத்தைப் படம்பிடித்து ஊருக்குக் காட்ட, எழுதியவரிடம் மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள். எல்லா வரிசையும் நிட்டாகவே போகும் மஃப்ளருக்கு யார் தயவும் வேண்டாம். முதல் பாடத்துக்கு அதுவே போதும். பாட்டு வேண்டாம். பக்கத்து வீட்டு வானொலி கசிந்தால் கூட, அது நிற்கும்வரை காத்திருந்து எடுங்கள்.

கேள்வி: இந்த வெயில் ஊரில் கம்பளி பின்னக் கற்றுக்கொடுத்து யாருக்கு என்ன பயன் என்று மாமியார் கேட்கிறார். என்ன சொல்ல?
- ஈசூன் வாசகி

பதில்: ஒன்றும் சொல்லாதீர்கள். ஒரு நாள் மத்தியான ஆட்டத்துக்குத் திரையரங்குக்கு அழைத்துப் போங்கள், குளிர்காற்றுக்கு நேர் கீழே இடம் பாருங்கள். இடைவேளை கிடையாது. முக்கால் மணி நேரம் ஆனதும் உங்கள் கைப்பையிலிருந்து சால்வையை எடுத்து, நீங்களே போர்த்திக்கொள்ளுங்கள்.